புளூ-ரேயா, எச்டி டிவிடியா: ஹாலிவுட் அணி பிரிந்த கதை

2007 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவில் புதிய உயர்துல்லியத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கி வரவேற்பறையில் மாட்டியவருக்கு ஒரு விசித்திரமான சிக்கல் காத்திருந்தது. 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' பார்க்க எச்டி டிவிடி பிளேயர் வேண்டும். 'ஸ்பைடர்-மேன் 3' பார்க்கப் புளூ-ரே பிளேயர் வேண்டும். ஜேசன் பார்ன் வரிசையின் மூன்றாம் படம் எச்டி டிவிடியில் மட்டும் வந்தது; 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' வரிசையின் மூன்றாம் படம் புளூ-ரேயில் மட்டும் வந்தது. '300' இரண்டிலும் கிடைத்தது. அதை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் அப்போது இரண்டு படகிலும் கால் வைத்திருந்ததே காரணம். டிவிடிக்கு அடுத்து வந்த இந்த இரண்டு உயர்துல்லிய டிஸ்க்குகளும் ஒரே அளவு. ஒரே படத்தை இரண்டிலும் போட்டுப் பார்த்தால் சாதாரணக் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் ஒன்று மற்றொன்றின் பிளேயரில் ஓடாது.

இந்தப் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விஎச்எஸ், பீட்டாமாக்ஸ் என்ற இரண்டு வீடியோ கேசட் வடிவங்களின் சண்டையை ஒப்பிட்டே தொடங்குவார்கள். அந்த ஒப்பீடு ஓரளவுக்குத்தான் உதவும். 1970களில் நடந்த அந்தச் சண்டையில் ஸ்டூடியோக்கள் எந்த அணியிலும் இல்லை. சொல்லப்போனால் இரண்டையும் வெறுத்தன. 1975இல் சோனியின் பீட்டாமாக்ஸ் சந்தைக்கு வந்தது. மறு ஆண்டே யுனிவர்சலும் டிஸ்னியும் சோனியை நீதிமன்றத்துக்கு இழுத்தன. வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில் ஐந்துக்கு நான்கு என்ற நூலிழைப் பெரும்பான்மையில் தீர்ப்பளிக்கும்வரை அந்த வழக்கு நீண்டது. இடையில் 1982இல், திரைப்படத் துறையின் சார்பில் பேசிய ஜாக் வாலென்டி, வீடியோ ரெக்கார்டரை பாஸ்டன் நகரின் பெயர்பெற்ற கொலைகாரனுடன் ஒப்பிட்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் முழங்கினார். படங்களை கேசட்டில் விற்கலாம் என்ற எண்ணம் ஸ்டூடியோக்களுக்கு மெதுவாகத்தான் வந்தது. வந்தபோது இரண்டு வடிவிலும் விற்றார்கள். எந்தப் பெட்டி வென்றாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

பீட்டாமாக்ஸ் தோற்றதற்கு முக்கியக் காரணம் பதிவு நேரம். தொடக்கத்தில் அதன் கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியும். விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம், அதாவது ஒரு முழுப் படம். ஆனால் சோனி தன் தோல்வியிலிருந்து வேறொரு பாடத்தையும் படித்துக்கொண்டது: கருவியை மட்டும் செய்தால் போதாது, அதில் ஓடும் படமும் கையில் இருக்க வேண்டும். 1989இல் 3.4 பில்லியன் டாலர் கொடுத்து கொலம்பியா பிக்சர்ஸை வாங்கியது. அந்தப் பாடம் பாதி சரி, பாதி தவறு என்பது என் எண்ணம். ஆனாலும் அந்த நம்பிக்கைதான் அடுத்த இருபது ஆண்டுகளின் போக்கைத் தீர்மானித்தது. கருவி செய்யும் நிறுவனமே ஸ்டூடியோ முதலாளியாகவும் ஆன பிறகு குறைந்தது அந்த ஒரு ஸ்டூடியோ நடுநிலையாக இருக்க முடியாமல் போனது.

அடுத்த முடிச்சு 1995இல் விழுந்தது. டிவிடி என்று பின்னர் பெயர் பெற்ற வட்டுக்கு அப்போது இரண்டு முன்மொழிவுகள் இருந்தன. ஒன்று சோனியும் பிலிப்ஸும் கொண்டுவந்தது. மற்றொன்று தோஷிபாவும் டைம் வார்னரும் முன்னின்று கொண்டுவந்தது. தோஷிபா அந்த ஆண்டுகளில் டைம் வார்னரின் பொழுதுபோக்குப் பிரிவில் பங்கும் வைத்திருந்தது. வார்னரின் வீடியோ பிரிவுத் தலைவர் வாரன் லீபர்ஃபார்ப் மற்ற ஸ்டூடியோக்களைத் தோஷிபா பக்கம் திரட்டினார். ஐபிஎம் தலைமையிலான கணினி நிறுவனங்கள் "ஒரே வடிவமாக வாருங்கள், இல்லையென்றால் எங்கள் கணினிகளில் இடமில்லை" என்ற தொனியில் நெருக்கியதால் போர் மூளுமுன்பே சமரசம் ஏற்பட்டது. பெரும்பகுதி தோஷிபாவின் வடிவமைப்பே நிலைத்தது. 0.6 மி.மீ. தடிமனில் இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்யும் அமைப்பு அவர்களுடையது. அதன் விளைவாக ஒவ்வொரு டிவிடிக்கும், ஒவ்வொரு பிளேயருக்கும் உரிமத்தொகை பெறும் காப்புரிமைக் குழுவில் தோஷிபாவோடு வார்னரும் அமர்ந்தது. சோனிக்கு இந்தப் பக்கம் வந்த வருமானம் ஒப்பீட்டளவில் குறைவு. 2000களின் சண்டையில் யார் எங்கே நின்றார்கள் என்பதற்கான விடையில் பாதி இந்த உரிமத்தொகைக் கணக்கில் இருக்கிறது.

இடையில் ஒரு குட்டிப் போரும் நடந்தது. அதை இப்போது யாரும் அதிகம் நினைப்பதில்லை. சர்க்யூட் சிட்டி என்ற கடைச் சங்கிலி 1998இல் டிவ்எக்ஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வட்டை மலிவாக வாங்கலாம். முதல்முறை போட்டதிலிருந்து 48 மணி நேரம் பார்க்கலாம். பிறகு பார்க்க வேண்டுமென்றால் தொலைபேசி இணைப்பு வழியாகப் பணம் கட்ட வேண்டும். டிஸ்னி, ஃபாக்ஸ், பாரமவுன்ட், யுனிவர்சல், டிரீம்வொர்க்ஸ் எல்லாம் இதை ஆதரித்தன. வார்னரும் சோனியும் ஆதரிக்கவில்லை. 1999 ஜூனில் கடையைக் கட்டினார்கள். பெரும்பாலான ஸ்டூடியோக்கள் ஒரு பக்கம் நின்றும் அந்தப் பக்கம் தோற்றது என்பதால் இதை இங்கே சொல்கிறேன். ஸ்டூடியோக்கள் சேர்ந்தால் எதையும் வெல்ல வைக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது ஒரு நல்ல மறுப்பு.

டிவிடி வென்றது, அதுவும் எதிர்பாராத அளவுக்கு. 2000களின் நடுவில் அமெரிக்கர்கள் வீட்டில் படம் பார்க்கச் செலவிட்ட தொகை, திரையரங்குக்குச் செலவிட்டதைப்போல் இரு மடங்கைத் தாண்டியிருந்தது. ஸ்டூடியோக்களின் லாபம் வட்டில்தான் இருந்தது. அந்த வருமானம் ஒருநாள் தேங்கும் என்பதும் தெரியும். ஆகவே அடுத்த வட்டு எது என்ற கேள்வி அவர்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி.

அடுத்த வட்டுக்கான அறிவியல் பொதுவானது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா 1990களில் உருவாக்கிய நீல ஒளி டயோடுகளும், அவற்றைத் தொடர்ந்த லேசரும்தான் அடிப்படை. டிவிடியின் சிவப்பு லேசர் 650 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. நீல-ஊதா லேசர் 405. பேனா முனை மெல்லியதானால் அதே தாளில் அதிக வரிகள் எழுதலாம் அல்லவா, அதுபோல. பிரிவு வந்தது வட்டின் கட்டுமானத்தில். சோனி, மாட்சுஷிதா, பிலிப்ஸ் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 2002 பிப்ரவரியில் அறிவித்த புளூ-ரேயில், தகவல் படலம் வட்டின் மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்திலேயே இருந்தது. அதனால் லேசரை இன்னும் கூர்மையாகக் குவிக்க முடிந்தது. ஒரு படலத்தில் 25 ஜிபி, இரண்டு படலத்தில் 50 ஜிபி. தோஷிபாவும் என்இசியும் முன்வைத்த எச்டி டிவிடி, டிவிடியின் அதே 0.6 மி.மீ. அமைப்பைத் தொடர்ந்தது. கொள்ளளவு 15, 30 ஜிபி. குறைவுதான். ஆனால் டிவிடி அச்சிடும் அதே இயந்திரங்களைச் சிறிது மாற்றினால் போதும். புளூ-ரேக்குப் புதிய இயந்திர வரிசையே தேவை. மேற்பரப்புக்கு மிக அருகில் தகவல் இருந்ததால் கீறல் பயமும் இருந்தது. முதலில் வட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே விற்க எண்ணினார்கள். டிடிகே நிறுவனம் உறுதியான மேற்பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்த உறை போனது.

ஸ்டூடியோக்கள் இந்த அளவுகோல்களைப் பார்த்தா அணி பிரிந்தன? ஓரளவுக்குத்தான். 2004 நவம்பர் இறுதியில் வார்னர், யுனிவர்சல், பாரமவுன்ட் மூன்றும் எச்டி டிவிடிக்கு ஆதரவு அறிவித்தன. சில நாட்களிலேயே டிஸ்னி புளூ-ரே பக்கம் வந்தது. சோனி பிக்சர்ஸ் எங்கே நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. 2005இல் சோனி தலைமையிலான முதலீட்டுக் குழு எம்ஜிஎம் ஸ்டூடியோவையும் வாங்கியது. சுமார் 4,000 படங்கள் கொண்ட அந்த நூலகமும் அதே பக்கம் சாய்ந்தது. வார்னருக்கு டிவிடி காப்புரிமையோடு உள்ள பழைய உறவும், புதிய இயந்திரங்களுக்கான செலவைத் தவிர்க்கும் ஆசையும் இருந்தன. யுனிவர்சலுக்கும் மலிவான தயாரிப்புதான் கவர்ச்சி.

ஃபாக்ஸின் காரணம் சுவாரசியமானது. அது படத்தின் தரத்தைவிட நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டைப் பற்றிக் கவலைப்பட்டது. டிவிடியின் பூட்டை 1999இலேயே உடைத்துவிட்டார்கள். புதிய இரண்டு வடிவங்களுக்கும் ஏஏசிஎஸ் என்ற பொதுவான பூட்டு உண்டு. புளூ-ரே அதற்கு மேல் பிடி-பிளஸ் என்ற இரண்டாம் பூட்டையும் ஏற்றது. வட்டிலேயே ஒரு சிறு மென்பொருள் இருக்கும். பிளேயரை யாராவது நோண்டியிருக்கிறார்களா என்று அது சோதிக்கும். ஒரு பூட்டு உடைந்தால் அடுத்த படத்தின் வட்டில் மாற்றிய பூட்டோடு வரலாம். எதிர்ப்பக்கம், வாங்கியவர் தன் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வழி செய்ய வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வலியுறுத்திக்கொண்டிருந்தது. ஃபாக்ஸ் எங்கே போகும் என்பதில் ஐயமில்லை. ஒரு பகுதியில் விற்ற வட்டு வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி செய்யும் மண்டலக் குறியீடும் புளூ-ரேயில் இருந்தது, எச்டி டிவிடியில் இல்லை. அமெரிக்காவில் வட்டு வெளியாகும்போது வேறு நாடுகளில் படம் இன்னும் திரையரங்கில் ஓடிக்கொண்டிருக்கும் என்ற நிலையில் இது சிறிய விஷயமல்ல. நம் ஊரில் வாங்கும் புளூ-ரே உறையின் பின்புறத்தில் சில சமயம் காணும் 'சி' என்ற எழுத்து இதன் மிச்சம்தான்: இந்தியாவும் இலங்கையும் சீனா, ரஷ்யாவோடு அந்த மண்டலத்தில் வைக்கப்பட்டன. இத்தனை பாதுகாப்பும் எவ்வளவு காலம் நின்றது? ஏஏசிஎஸ் பூட்டின் சாவிகள் 2006 இறுதியிலிருந்தே கசியத் தொடங்கின. பிடி-பிளஸ் வட்டுகள் கடைக்கு வந்த சில மாதங்களில் அதையும் திறந்துவிட்டார்கள்.

2005 வசந்த காலத்தில் சோனியும் தோஷிபாவும் ஒரே வடிவத்துக்காகப் பேசிப் பார்த்தன. 0.1 மி.மீட்டரா, 0.6 மி.மீட்டரா என்ற இடத்தில் பேச்சு முறிந்தது. இதில் நடுவழி என்று ஒன்று கிடையாது, 0.3 என்று சமரசம் செய்துகொள்ள முடியாது. ஒரு பக்கம் முழுதாக விட்டுக்கொடுத்தாக வேண்டும். உரிமத்தொகை வருமானமும் அதோடு போகும். 1995இல் நெருக்கடி கொடுத்த கணினித் துறையும் இந்த முறை பிளவுபட்டிருந்தது: டெல், எச்பி, ஆப்பிள் புளூ-ரே பக்கம் நின்றன, மைக்ரோசாஃப்டும் இன்டெலும் 2005 செப்டம்பரில் எச்டி டிவிடியை ஆதரித்தன. நடுவராக உட்கார ஆள் இல்லை.

அடுத்த மாதமே முதல் விரிசல் விழுந்தது. பாரமவுன்ட் "புளூ-ரேயிலும் வெளியிடுவோம்" என்றது. சில வாரங்களில் வார்னரும் அப்படியே சொன்னது. வெளிப்பார்வைக்கு இது நடுநிலை. உண்மையில் எச்டி டிவிடிக்கு இது பெரிய இழப்பு. அதன் கையில் தனித்து மிஞ்சிய பெரிய ஸ்டூடியோ யுனிவர்சல் ஒன்றுதான். புளூ-ரே பக்கமோ சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் மூன்றும் தனித்து நின்றன.

கடைக்கு முதலில் வந்தது எச்டி டிவிடி. 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் தோஷிபாவின் பிளேயர் 499 டாலருக்குக் கிடைத்தது. ஜூனில் வந்த சாம்சங் புளூ-ரே பிளேயரின் விலை 999 டாலர். அதோடு புளூ-ரேயின் விதிமுறைகளே அப்போது முழுமையடையவில்லை. எச்டி டிவிடி பிளேயர் ஒவ்வொன்றிலும் இணைய இணைப்பு கட்டாயம். தொடக்ககாலப் புளூ-ரே பிளேயர்களில் அது தேவையில்லை என்று விட்டிருந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் 2006இன் வாங்குபவருக்கு எச்டி டிவிடிதான் நல்ல பேரம். அந்த நியாயத்தைக் குலைத்தது நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3. விலை உயர்ந்த விளையாட்டுக் கருவிதான், நீல லேசர் தட்டுப்பாட்டால் ஐரோப்பாவுக்கு 2007 மார்ச்சில்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் விற்ற ஒவ்வொன்றும் ஒரு புளூ-ரே பிளேயர். மைக்ரோசாஃப்டோ தன் எக்ஸ்பாக்ஸ் 360க்கு எச்டி டிவிடி இயக்கியைத் தனியாக 199 டாலருக்கு விற்றது. வேண்டுமென்றால் வாங்கிக்கொள் என்பதற்கும், வேண்டாமென்றாலும் உள்ளே இருக்கிறது என்பதற்கும் உள்ள வித்தியாசம் 2007 விற்பனையில் தெரிந்தது. அமெரிக்காவில் புளூ-ரே வட்டுகள் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் முன்னால் ஓடின. ஜூனில் பிளாக்பஸ்டர் என்ற வாடகைக் கடைச் சங்கிலி, தன் சோதனைக் கடைகளில் உயர்துல்லிய வாடகையில் 70 விழுக்காட்டுக்கு மேல் புளூ-ரேதான் என்று சொல்லி, விரிவாக்கத்தில் புளூ-ரேயை மட்டும் வைக்க முடிவெடுத்தது.

அதற்குப் பிறகு ஆகஸ்டில் பாரமவுன்ட் செய்ததுதான் முழுக்கதையிலும் வெளிப்படையான வியாபாரம். பின்தங்கிக்கொண்டிருந்த எச்டி டிவிடிக்கே இனி வெளியீடு என்று அதுவும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் அறிவித்தன. இரண்டுக்குமாகச் சேர்த்து சுமார் 150 மில்லியன் டாலர் மதிப்புள்ள சலுகைகள் என்று 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படங்களுக்கு மட்டும் விலக்கு. 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' இயக்குநர் மைக்கேல் பே தன் இணையதளத்தில் பொங்கினார். புளூ-ரே இல்லையென்றால் அடுத்த பாகம் எடுக்க மாட்டேன் என்ற அளவுக்குப் போய், மறுநாளே கோபம் தணிந்தார்.

பாரமவுன்டை முட்டாள்தனமாக அணி மாறியது என்று பலர் பின்னர் கேலி செய்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தோற்கும் பக்கம்தான் அதிகம் கொடுக்கும்; பாரமவுன்ட் தன் ஆதரவை அது உச்ச விலைக்குப் போன நேரத்தில் விற்றது. போர் முடிந்தால் எதிர்ப்பக்கம் திரும்பிப் போவதற்கும் தடை இல்லை. கேலிக்குரியவர் யாராவது இருந்தால், பணம் கொடுத்து நேரம் வாங்கியவர்தான்.

இப்போது வார்னரின் நிலையைப் பாருங்கள். ஒரு பக்கம் சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ், எம்ஜிஎம், லயன்ஸ்கேட். மறுபக்கம் யுனிவர்சல், பாரமவுன்ட், டிரீம்வொர்க்ஸ். நடுவில், அமெரிக்க வட்டுச் சந்தையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வைத்திருந்த, எல்லோரையும்விடப் பெரிய விற்பனையாளரான வார்னர். இரண்டு வடிவத்தையும் ஒரே வட்டின் இரு பக்கங்களில் அச்சிடும் 'டோட்டல் எச்டி' என்ற திட்டத்தை 2007 ஜனவரியில் அது அறிவித்திருந்தது. வேறு எந்த ஸ்டூடியோவும் அதில் சேரவில்லை. அது கடைக்கு வரவும் இல்லை. நவம்பரில் வால்மார்ட்டில் தோஷிபா பிளேயர் ஒன்று 98.87 டாலருக்கு ஒருநாள் விற்பனையில் வந்து பறந்தது. அதே மாதம் சோனித் தலைவர் ஹோவர்ட் ஸ்ட்ரிங்கரே நிலைமை இழுபறியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு டிவிடி விற்பனை முதல்முறையாகச் சரிந்தது. மக்கள் புது வட்டுக்கு மாறவில்லை. யார் வெல்வார் என்று பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

இந்தக் கட்டத்தில் வார்னரின் தேர்வு எது நல்ல வடிவம் என்பதைப் பற்றியதாக இருக்கவே முடியாது. எச்டி டிவிடி பக்கம் போனால் சந்தை சரிபாதியாகப் பிரிந்து இன்னும் பல ஆண்டுகள் இழுபறி. புளூ-ரே பக்கம் போனால் சண்டை முடிந்துவிடும். போரை முடிக்கக்கூடிய பக்கம் ஒன்றுதான் இருந்தது. காப்புரிமை, பழைய நட்பு, மலிவான இயந்திரம் என்று எச்டி டிவிடிக்கு ஆதரவான அத்தனை காரணங்களும் வார்னரிடம் இருந்தன. சரிந்துகொண்டிருந்த சந்தையின் முன் அவை எடைபோடவில்லை. 2008 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை, லாஸ் வேகஸில் ஆண்டுதோறும் நடக்கும் மின்னணுக் கண்காட்சிக்குச் சில நாள் முன்பு, மே மாத இறுதிக்குப் பின் புளூ-ரே மட்டுமே என்று வார்னர் அறிவித்தது. இதிலும் பணம் கைமாறியது என்ற பேச்சு உடனே எழுந்தது. வாங்குபவரின் குழப்பத்தைத் தீர்க்கவே இந்த முடிவு என்றது வார்னர். எச்டி டிவிடி அணியினர் கண்காட்சியில் ஏற்பாடு செய்திருந்த செய்தியாளர் கூட்டத்தை ரத்து செய்தார்கள். என்ன சொல்ல முடியும்?

அதன் பிறகு நடந்தது சரிவு. பிப்ரவரி 11 அன்று, அப்போது வட்டுகளை அஞ்சலில் வாடகைக்கு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ், எச்டி டிவிடி வாங்குவதை நிறுத்துவதாகச் சொன்னது. அதே நாள் பெஸ்ட் பை கடைகள் புளூ-ரேயைப் பரிந்துரைக்கத் தொடங்கின. 15ஆம் தேதி வால்மார்ட்டும் கைவிட்டது. 19ஆம் தேதி தோஷிபா தலைவர் அட்சுதோஷி நிஷிதா டோக்கியோவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார். வார்னரின் அறிவிப்பிலிருந்து 46 நாள். கடைசிவரை தனித்து நின்ற யுனிவர்சல் அன்றைக்கே புளூ-ரேக்கு மாறியது, பாரமவுன்ட் மறுநாள்.

தோஷிபா 2009 ஆகஸ்டில் புளூ-ரே சங்கத்தில் சேர விண்ணப்பித்தது. வார்னர், தான் விற்ற எச்டி டிவிடிகளின் உறைத் தாளை அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் 4.95 டாலரும் அஞ்சல் செலவும் வாங்கிக்கொண்டு புளூ-ரே தரும் திட்டம் நடத்தியது. அதே வார்னர் அதே 2009இல், சீனாவில் எச்டி டிவிடி தொழில்நுட்பத்தின் அடிப்படையில் உருவான சிபிஎச்டி என்ற உள்நாட்டு வட்டில் தன் படங்களை வெளியிட முன்வந்தது. அங்கே திருட்டு வட்டோடு போட்டி போட மலிவான வட்டு வேண்டியிருந்தது. எந்த வடிவம் சிறந்தது என்று கொள்கை ஏதும் வார்னருக்கு இருந்ததில்லை.

சண்டையின் நடுவிலேயே, 2007 ஜனவரியில், நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியாகப் படம் அனுப்பத் தொடங்கியிருந்தது. டிவிடி இருந்த உயரத்தைப் புளூ-ரே எட்டவே இல்லை. 2021இல் வட அமெரிக்காவில் வட்டு விநியோகத்துக்கென ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் வார்னரும் யுனிவர்சலும்: எச்டி டிவிடியை முடித்துவைத்தவரும் அதோடு கடைசிவரை நின்றவரும். 2024இல் டிஸ்னி தன் வட்டு வியாபாரத்தைச் சோனி பிக்சர்ஸிடம் ஒப்படைத்தது.